புரிகிறது, எழுதத்தான் வரவில்லை: ஒரு தொடக்கநிலை ப்ரோகிராமிங் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கணினி அறிவியல் முதலாண்டு வகுப்பு ஒன்றில் நடந்தது இது. மொழி பைத்தான். மாணவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒரு வரி கோட் கூட எழுதியதில்லை. ஓரிருவர் மட்டும் பள்ளியிலேயே பழகியவர்கள். வேரியபிள் (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்), இஃப் (நிபந்தனை), வைல் லூப், ஃபார் லூப் (சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுபவை), லிஸ்ட் (பட்டியல்) வரை பாடம் முடிந்திருந்தது. பாடம் நடந்த விதம் எல்லா இடத்திலும் நடப்பதுதான்: போர்டில் ஒரு கருத்து, அதற்கு ஒரு ப்ரோகிராம், பிறகு லேபில் அதையொட்டிச் சில கணக்குகள்.

எழுத்துத் தேர்வில் மதிப்பெண்கள் நன்றாகவே வந்தன. லூப் என்றால் என்ன என்று கேட்டால் தடையில்லாமல் பதில் வரும். போர்டில் இருக்கும் ப்ரோகிராமை வரி வரியாக விளக்கச் சொன்னாலும் விளக்குவார்கள். லேபில் புதிய கணக்கைக் கொடுத்தால் மட்டும் பாதி வகுப்பு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். "புரியுது மேம், எழுதத்தான் வரலை." ப்ரோகிராமிங் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைக் கேட்காமல் ஒரு பருவத்தைக் கடந்திருக்க மாட்டார்கள்.

லேப் தேர்வில் கண்டது

இடைத் தேர்வுக்குக் கொடுத்த கணக்கு இது: மழை அளவுகள் ஒவ்வொன்றாக இன்புட்டில் வரும். 99999 வந்தால் நிறுத்த வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழான குறை எண் வந்தால் அது தவறான பதிவு, கணக்கில் சேர்க்கக் கூடாது. முடிவில் சராசரியை அச்சிட வேண்டும்.

கணக்கு என்னுடையது அல்ல. 1980களில் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவேயும் அவருடைய குழுவினரும் தொடக்கநிலை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த கணக்கிலிருந்து வளர்ந்தது. மழைக் கணக்கு என்றே இந்தத் துறையில் பெயர் பெற்றுவிட்டது. பார்க்க எளிது. ஆனால் ஒரே லூப்புக்குள் படிப்பது, நிறுத்துவது, வடிகட்டுவது, கூட்டுவது, எண்ணுவது என ஐந்து வேலைகளும் பின்னிக் கிடக்கின்றன. யார் எந்த இழையில் சிக்குகிறார்கள் என்பது விடைத்தாளிலேயே தெரிந்துவிடும், அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முழுவதும் சரியாக எழுதியவர்கள் மிகக் குறைவு. இதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. 2001-இல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையிலான பன்னாட்டு ஆய்வுக் குழு 4 பல்கலைக்கழகங்களில் 216 மாணவர்களைச் சோதித்தபோது, 110 மதிப்பெண்ணுக்குக் கிடைத்த சராசரி 22.89தான். அதுவும் முதல் ப்ரோகிராமிங் பாடத்தை முடித்தவர்கள் அல்லது முடிக்கும் தறுவாயில் இருந்தவர்கள். எத்தனை பேர் தவறினார்கள் என்பதை விட, எப்படித் தவறினார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

மூன்று விடைத்தாள்கள்

திருத்தியதோடு விடாமல் சிலரைத் தனித்தனியாக அழைத்து, அவர்கள் எழுதியதை அவர்களையே விளக்கச் சொன்னேன். அவற்றில் மூன்றை இங்கே பதிவு செய்கிறேன். வகுப்பில் இருந்த மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்த மூன்றின் சாயல்தான்.

முதல் மாணவி, ப்ரோகிராமின் மேற்பகுதியிலேயே 'சராசரி = மொத்தம் / எண்ணிக்கை' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே லூப். லூப்புக்குள் மொத்தமும் எண்ணிக்கையும் சரியாகவே கூடுகின்றன. கடைசி வரியில் சராசரியை அச்சிடுகிறார். முதலில் எண்ணிக்கையை 0 என்று வைத்திருக்கிறார். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று எர்ரர் வந்திருக்கிறது. உடனே 1 என்று மாற்றிவிட்டார். எர்ரர் போய்விட்டது. ஆனால் எந்த எண்களைக் கொடுத்தாலும் 0.0 என்றே வந்தது. ஏன் என்று கேட்டபோது, "ஃபார்முலாவை மேலேயே சொல்லிட்டேன் மேம், மொத்தம் மாறும்போது சராசரியும் மாறணும்ல?" என்றார். கணிதப் பாடத்தில் சமக்குறி எப்போதும் உண்மையாக நிற்கும் ஓர் உறவு. விரிதாளிலும் அப்படித்தான், ஒரு கட்டம் மாறினால் அதைச் சார்ந்த கட்டமும் மாறும். இந்த இரண்டையும் வைத்து யோசித்தால் அவர் சொல்வதில் பிழையே இல்லை. பைத்தானில் அந்தச் சமக்குறி ஒரு கட்டளை: இந்த நொடியில் வலப்பக்கத்தைக் கணக்கிடு, விடையை இடப்பக்கத்துப் பெயரில் வை, அப்புறம் மறந்துவிடு.

இரண்டாவது மாணவர், லூப்பின் முதல் வரியில் எண்ணைப் படித்து, அடுத்த வரிகளில் கூட்டி எண்ணியிருந்தார். 10, 20, 99999 என்று கொடுத்தால் 15 வர வேண்டும். அவருக்கு வந்தது 33343.0. நிறுத்தச் சொன்ன எண்ணும் மொத்தத்தில் சேர்ந்து, எண்ணிக்கையும் 3 ஆகியிருந்தது. மழை 99999 ஆன அந்தக் கணமே லூப் நின்றுவிடும் என்று அவர் நம்பியிருந்தார். வைல் வரியில் எழுதிய நிபந்தனையைக் கணினி ஒரு காவல்காரனைப் போல இடைவிடாமல் கவனித்துக்கொண்டிருப்பதாக அவருடைய எண்ணம். உண்மையில், ஓட்டம் வைல் வரிக்குத் திரும்பி வரும்போது மட்டும்தான் நிபந்தனை சரிபார்க்கப்படும்.

இந்த வகைத் தவறுகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் நம்பிக்கையை ஆய்வாளர் ராய் பீ 1986-லேயே எழுதிவிட்டார்: நாம் என்ன நினைக்கிறோம் என்று புரிந்துகொள்ளும் ஒரு மனம் கணினிக்குள் இருப்பதாகத் தொடக்கநிலை மாணவர்கள் தங்களை அறியாமலேயே நம்புகிறார்கள். இந்த மாணவர் வாய்விட்டே சொன்னார்: "99999 மழை இல்லைன்னு அதுக்குத் தெரியாதா மேம்?"

மூன்றாவது மாணவியின் தாள் கிட்டத்தட்ட வெற்று. இரண்டு வேரியபிளுக்கு 0 கொடுத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் வேறொருவர் எழுதிய ப்ரோகிராமைக் கொடுத்து என்ன அச்சாகும் என்று கேட்டால் ஒவ்வொரு படியையும் பிசகாமல் சொன்னார். நிபந்தனை எப்போது சரிபார்க்கப்படும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது ஒன்றே ஒன்று, எங்கே தொடங்குவது.

எடுக்காத முடிவும் எடுத்த முடிவும்

உடன் பணிபுரியும் ஒருவர், இன்னும் நிறையக் கணக்குகள் கொடுங்கள், கை பழகிவிடும் என்றார். இன்னொருவர் கட்டங்களை இழுத்து ஒட்டும் எளிய மொழிக்குப் போகலாம் என்றார். இரண்டையும் ஏற்கவில்லை. எந்த மொழியிலும் முதல் மாணவி அதே இடத்தில்தான் இடறுவார்; அவருடைய சிக்கல் மொழியின் இலக்கணம் இல்லை. கணக்குகளைக் கூட்டினால், எர்ரர் போகும் வரை எண்களை மாற்றிப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் ஊறும். எண்ணிக்கையை 1 ஆக்கிய கை அதைத்தான் செய்தது.

'ப்ராப்ளம் சால்விங் வரவில்லை' என்று ஆசிரியர்கள் அறையில் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது இரண்டு வேறு குறைகளை. முதல் இருவருக்குக் கணினி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்ற சித்திரம் தவறு. 1980களில் ஆய்வாளர் பெனடிக்ட் டு பூலே, ஒரு மொழியைக் கற்பவர் மனதில் உருவாக வேண்டிய இந்தக் கருத்தியல் எந்திரத்தைத் தனியாகவே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வாதிட்டார். மூன்றாவது மாணவிக்கு அந்தச் சித்திரம் இருக்கிறது; தீர்வை அடுக்கத் தேவையான துண்டுகள்தான் கைவசம் இல்லை. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பயன்படாது. ஆகவே புதிய பாடத்தை நிறுத்திவைத்து, சில வாரங்கள் லேப் நேரத்தையும் சேர்த்து இந்த இரண்டுக்கும் ஒதுக்கினேன். சிலபஸ் பின்தங்கும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

முழு வகுப்பையும் பிரித்தறிய ஒரு சின்னச் சோதனை வைத்தேன். அ என்பது 5, ஆ என்பது 8. அடுத்த வரி அ = ஆ. அதற்கடுத்தது ஆ = அ. இப்போது இரண்டிலும் என்ன? கணிசமானவர்கள் 8, 5 என்று எழுதினார்கள். இடம் மாறிவிட்டதாம். இரண்டுமே 8 என்பது அவர்களுக்கு நம்ப முடியாததாக இருந்தது.

தாளில் டிரை ரன்

கணினியை மூடிவைத்துவிட்டு டிரை ரன், அதாவது ப்ரோகிராமை வரி வரியாகக் கையால் ஓட்டிப் பார்ப்பது, தொடங்கினோம். இது பழைய முறைதான், எல்லாப் பாடத்திட்டத்திலும் பெயரளவில் இருக்கிறது. வழக்கமாக ஆசிரியர் போர்டில் செய்துகாட்ட, மாணவர்கள் நகலெடுப்பார்கள். இங்கே சில கட்டுப்பாடுகளைச் சேர்த்தேன். தாளில் ஓர் அட்டவணை, அதில் ஒவ்வொரு வேரியபிளுக்கும் மேலிருந்து கீழாக ஒரு பத்தி. புதிய மதிப்பு வந்தால் பழையதை அடித்துவிட்டுக் கீழே எழுத வேண்டும். இன்புட் எண்களைத் தாளின் ஓரத்தில் வரிசையாக எழுதி, படிக்கப் படிக்க அடித்துக்கொண்டே வர வேண்டும். நிபந்தனைக்கும் தனிப் பத்தி உண்டு. ஆனால் ஓடும் வரியைச் சுட்டும் இடக்கை விரல் வைல் வரியில் இருக்கும்போது மட்டும்தான் அதில் எழுதலாம்.

இந்தக் கடைசி விதிதான் இரண்டாவது மாணவரை நிறுத்தியது. அவருடைய 33343.0 ப்ரோகிராமை அவரே ஓட்டினார். 99999-ஐப் படித்தார், அடித்தார். கை தானாக நிபந்தனைப் பத்திக்குப் போனது. விரல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். விரல் படிக்கும் வரியில் இருந்தது. சற்று நேரம் பேசவில்லை. பிறகு விரலை ஒரு வரி கீழே இறக்கி, 30-ஐ அடித்துவிட்டு 100029 என்று எழுதினார். "அப்ப இதைக் கூட்டித்தான் ஆகணுமா?" என்றார். அதன் பிறகு அந்தத் தவறைப் பற்றி நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் மாணவிக்கும் இதே வழிதான். சராசரிப் பத்தியில் முதல் வரியிலேயே 0.0 எழுதினார். பிறகு லூப் எத்தனை முறை சுற்றினாலும் அந்த வரிக்கு விரல் திரும்பவே இல்லை. தாள் முடியும் வரை அந்த 0.0 அடிக்கப்படாமல் நின்றது. அந்த வரியைத் தானாகவே லூப்புக்குக் கீழே நகர்த்தினார். எண்ணிக்கையையும் 0 ஆக்கினார். ஒரு எண்ணும் வராமல் நேராக 99999 வந்தால் மறுபடி வகுத்தல் எர்ரர் வருமே என்று அடுத்து அவரே கேட்டது நான் எதிர்பார்க்காதது.

தாளில் பழகிய பிறகே ஃபிலிப் குவோ 2010-இல் உருவாக்கிய பைத்தான் டியூட்டரைத் திறந்தோம். ஒவ்வொரு படியிலும் வேரியபிள்களின் மதிப்பைப் படமாகக் காட்டும் நல்ல கருவி. முதலிலேயே கொடுத்தால் அடுத்த படிக்கான பொத்தானைச் சினிமா பார்ப்பதுபோல் அழுத்திக்கொண்டே போவார்கள். அழுத்தும் முன் என்ன மாறும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி.

மூடிய பட்டியல்

டிரை ரன் மூன்றாவது மாணவிக்கு எதுவும் தரவில்லை. அது அவருக்கு ஏற்கனவே தெரிந்தது. அவரையும் அவரைப் போன்ற சிலரையும் தனியாக உட்கார வைத்தேன்.

ஒரு தாளில் எண்களை எழுதிக்காட்டி, இதில் பெரியது எது என்று கேட்டால் உடனே சொல்வார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றால், "பார்த்தாலே தெரியுதே." தடங்கல் இங்கேதான். நம் கண் பட்டியல் முழுவதையும் ஒரே பார்வையில் மேய்ந்துவிடுகிறது, படிகள் எதுவும் நினைவில் தங்குவதில்லை. படிகளே இல்லாமல் கிடைத்த விடையை எப்படிப் படிகளாக எழுதுவது?

அதனால் பட்டியலை ஓர் அட்டையால் மூடி, நடுவில் ஒரு எண் மட்டும் தெரியும்படி ஓட்டை போட்டு நகர்த்தினேன். கடந்துபோன எண்ணைத் திரும்பப் பார்க்க முடியாது. கடைசியில் பெரியது எது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் நிறுத்தி, இப்போது மனதில் எதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இதுவரைக்கும் பெரியது." அதுதான் வேரியபிள். புதிய எண் வந்ததும் என்ன செய்தீர்கள்? "ஒப்பிட்டேன், பெரிசா இருந்தா மாத்திக்கிட்டேன்." அதுதான் லூப்பின் உடல். கோட் என்ற பேச்சே எடுக்காமல் கோட் வந்துவிட்டது.

எழுதும்போது அவர் 'இதுவரை பெரியது' என்பதை 0-இல் தொடங்கினார். அடுத்த பட்டியலாக -4, -9, -2 கொடுத்தேன். ப்ரோகிராம் 0 என்றது. முதல் எண் தெரியும் முன் மனதில் என்ன இருந்தது என்று கேட்டதற்கு, எதுவும் இல்லை என்றார். அப்படியானால் முதல் எண்ணையே தொடக்க மதிப்பாக வைக்க வேண்டும் என்பதை அவரே சொன்னார்.

அட்டைப் பயிற்சியைப் பிறகு முழு வகுப்புக்கும் விரித்தேன். மொத்தம், எண்ணிக்கை, முந்தைய மதிப்பு, ஏதாவது ஒன்று கிடைத்ததா என்பதற்கு ஆம், இல்லை என்று மாறும் கொடி என்று, மனதில் வைக்க வேண்டியவை திரும்பத் திரும்ப இந்தச் சிலவாகவே இருந்தன. பின்லாந்து ஆய்வாளர் யொர்மா சயானியெமி 2002-இல் இதை வேரியபிள்களின் பாத்திரங்கள் என்று வகைப்படுத்தினார். தொடக்கநிலை ப்ரோகிராம்களில் வரும் வேரியபிள்களில் ஏறத்தாழ எல்லாமே பத்துப் பாத்திரங்களுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் கண்டது. நான் நான்கைந்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வெட்டிய வரிகள்

அடுத்து மழைக் கணக்குக்கே திரும்பினோம், வெற்றுத் திரையோடு இல்லாமல். சரியான ப்ரோகிராமின் வரிகளைத் தனித்தனிச் சீட்டாக வெட்டிக் கலைத்துக் கொடுத்தேன். டேல் பார்சன்ஸும் பட்ரிசியா ஹேடனும் 2006-இல் அறிமுகப்படுத்திய புதிர் வகை இது. எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி போன்ற தொல்லைகள் இல்லாததால் வரிசையைப் பற்றி மட்டும் யோசிக்கலாம்.

சீட்டுகளில் எண்ணைப் படிக்கும் வரி இரண்டு இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். லூப்புக்கு மேலே ஒன்று, லூப்பின் கடைசியில் ஒன்று என்று பிடிபட ஒரு வகுப்பு முழுவதும் போனது, அது வீணான நேரம் இல்லை. இரண்டாவது சீட்டின் இன்டென்டேஷன், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் அதைவிடப் பெரிய விவாதம். இஃபுக்குள் தள்ளிவைத்தவர்களின் ப்ரோகிராம் நல்ல எண்களுக்கெல்லாம் சரியாகவே ஓடும். ஒரு குறை எண் வந்ததும் இஃபுக்குள் நுழையாது, அடுத்த எண்ணும் படிக்கப்படாது, அதே குறை எண்ணோடு முடிவில்லாமல் சுற்றும். நான்கு இடைவெளிதான் வித்தியாசம். டிரை ரன் பழகியிருந்ததால் இதை அவர்களே தாளில் ஓட்டிப் பிடித்தார்கள்.

பள்ளியிலேயே கோட் பழகியிருந்த ஒரு மாணவர் இந்த வாரங்களில் சலிப்போடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் மற்றவர்களை ஏமாற்றக்கூடிய தவறான சீட்டுகளைத் தயாரிக்கும் வேலையைக் கொடுத்தேன். அவர் செய்த சீட்டுகள் என்னுடையவற்றைவிடக் கடினமாக இருந்தன.

விளைவு

பருவத்தின் முடிவில் இதுவரை பார்க்காத கணக்கு: ஒரு லிஸ்டில் எண்கள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும் மிக நீளமான பகுதியின் நீளம் என்ன? 3, 5, 4, 6, 7, 9 என்றால் விடை 4.

வெற்றுத் தாள் கொடுத்தவர்கள் ஏறத்தாழ இல்லை. பெரும்பாலோர் முந்தைய மதிப்பு, இப்போதைய நீளம், இதுவரை பெரிய நீளம் என்று மூன்று வேரியபிள்களை முதலில் எழுதிவிட்டே தொடங்கினார்கள். முழுவதும் சரியாக எழுதியவர்கள் இடைத் தேர்வைவிடத் தெளிவாக அதிகம், ஆனாலும் வகுப்பின் பெரும்பகுதி என்று சொல்ல முடியாது. பொதுவான தவறு ஒன்று இருந்தது: ஏற்றம் முறியும்போது மட்டும் பெரிய நீளத்தைப் புதுப்பித்தார்கள். கடைசிவரை ஏறும் பகுதி முறிவதே இல்லை, ஆகவே மேலே உள்ள லிஸ்டுக்கு 2 என்று வந்தது. மூன்றாவது மாணவி இதில் சிக்கவில்லை. பட்டியல் முடிந்த பிறகும் கையில் இன்னும் ஒரு நீளம் மிச்சமிருக்கிறது, அதையும் ஒப்பிட வேண்டும் என்று தாளின் ஓரத்தில் குறித்திருந்தார். முதல் மாணவியும் முழுமையாக எழுதினார். இரண்டாவது மாணவரிடம் மேற்சொன்ன தவறு இருந்தது. விடை தவறு என்று சொன்னதும் டிரை ரன் செய்து தானே திருத்தினார்.

எல்லோருக்கும் பலித்துவிடவில்லை. ஓரிருவர் டிரை ரன் அட்டவணையையே ஒரு சடங்காக்கிவிட்டார்கள். பத்திகள் நேர்த்தியாக, அடித்தல்கள் சுத்தமாக இருக்கும். விரல் மட்டும் எங்கும் இருக்காது. முதலில் ப்ரோகிராமை ஓட்டிவிட்டு, வந்த விடைக்கேற்ப அட்டவணையை நிரப்புவது பிறகுதான் தெரிந்தது. இன்னும் சிலர் சாட்பாட்டிடம் வாங்கிய கோடோடு வந்தார்கள். தடுக்க முயலவில்லை. வைவாவில் அந்தக் கோடின் ஒரு வரியை மாற்றி, இப்போது என்ன அச்சாகும் என்று கேட்டேன். சொந்தமாக எழுதியவருக்கும் அதே கேள்விதான்.

சிலபஸில் ஃபைல் கையாளும் பகுதி அவசரமாக முடிந்தது. அது இந்த முடிவுக்குக் கொடுத்த விலை.

அடுத்த முறை மாறுவது

அட்டைப் பயிற்சி லூப்புக்கு முன்பே வரும். வைல், ஃபார் என்ற சொற்களைக் கேட்கும் முன்பே, ஒவ்வொன்றாகப் பார்த்து எதை நினைவில் வைப்பது என்ற பழக்கம் வந்திருக்க வேண்டும்.

தொடக்க வாரங்களில் இன்புட் வாங்கும் கணக்குகள் இருக்காது. எழுத்துச் சரமாக வருவதை எண்ணாக மாற்றுவது, நிறுத்தும் எண்ணைக் கவனிப்பது ஆகிய இரண்டு சுமைகளும் லூப்போடு சேர்ந்துகொள்வதால் எங்கே தடுக்கிறது என்றே தெரியாமல் போகிறது. முதலில் தயாராக இருக்கும் லிஸ்ட், அதன் மீது ஃபார் லூப். நிறுத்தும் எண் வைல் லூப்போடு பிறகு வரும்.

அ, ஆ சோதனை முதல் வாரத்திலேயே நடக்கும், மதிப்பெண் இல்லாமல். டிரை ரன்னுக்கு லேப் தேர்வில் தனி மதிப்பெண் உண்டு. ஆனால் அட்டவணையைத் திருத்துவதில்லை. மாணவர் ஓட்டும்போது நடுவில் நிறுத்தி அடுத்த வரி எது, எந்தப் பத்தி மாறும் என்று வாய்மொழியாகக் கேட்பதாக இருக்கும். நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் ஒவ்வொருவருக்கும் மூன்று நான்கு வரிகளுக்கு மேல் போகப்போவதில்லை.